இடது முன் தோள்

திங்கள் காலை, கௌடன்பீத்.
கடையின் இரும்புக் கதவை நான் ஏற்றுமுன்பே
வாசலில் நின்றது ரோனா கெடிஸின் நீலக் கார்,
மழையில் மூக்கு நனைந்து.

"இடது முன் டயர் ஒன்று மட்டும்" என்றாள்.
"ஏதோ பள்ளத்தில் இறங்கியிருக்கும்."

ஜாக்கி ஏற்றிச்
சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று விட்டேன்.
பள்ளம் இப்படிக் கடிக்காது.

பள்ளம் என்றால் பக்கச்சுவரில் கொப்புளம்,
இரும்பில் ஒரு நெளிவு.
காற்று கூடினால் நடு தேயும்.
அச்சு கோணினால் உள்விளிம்பு
சோப்புக்கட்டி மாதிரி ஒருபக்கமாய்க் கரையும்.
இதில்
வெளித்தோள் மட்டும் உருகிச் சுருண்டு
நீலம் பாய்ந்த கருப்பாய் இருந்தது.
பள்ளிகளின் இடையே
வேறு யார் யாருடைய டயர்களோ உதிர்த்த
ரப்பர் திவலைகள்.

உள்ளே ஐந்து மில்லிமீட்டர். வெளியே ஒன்று.

"மலைக்குப் போனீங்களா?"

டன்ஃபர்ம்லினுக்கு வடக்கே
ஆட்டுப் புல்வெளிகளுக்கு நடுவில் அந்த ஓடுகளம்.
வலம் சுற்றும் பாதை.
ஒவ்வொரு வளைவிலும் காரின் மொத்த எடையும்
இடது முன் தோளில்தான் வந்து சாயும்.
அவள் கதவைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"பதினோரு வருஷம்
இடது இருக்கையில் உட்கார்ந்து
மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்திருக்கேன்.
நேற்று வலது பக்கம் ஏறி உட்கார்ந்தேன்."

முதல் ஆறு சுற்றும் வெறும் பயம்.
ஏழாவதில் கார் அவள் சொன்னதைக் கேட்டதாம்.
பத்தாவதில் கேட்கவில்லை.
திருப்பினாள், நேரே போனது.
இன்னும் திருப்பினாள், இன்னும் நேரே,
கடைசியில் டயர் கத்தியது.
"கோபமா, கெஞ்சலா, தெரியலை."

பக்கத்துக் கொட்டகையில் வீட்டெனிஸ் என்றொருவன்,
கிர்க்கால்டியில் ரொட்டி சுடுகிறவன்,
காற்றுமானியோடு வந்து குனிந்தானாம்.
காலையில் முப்பத்து மூன்று அடித்தது
இப்போது நாற்பத்தொன்று.
"சூட்டில் மாவு மாதிரி உப்பிடுச்சு" என்று சிரித்து
உஸ்ஸென்று இறக்கிவிட்டானாம்.
தோளில் சாக்பீஸால் ஒரு கோடும் கிழித்தான்,
எதுவரை மடிகிறதென்று பார்க்க.

அதற்குப் பிறகுதான் புரிந்ததாம்:
குறைவாய்த் திருப்பினால் நிறையத் திரும்புகிறது.
கேட்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

"அந்தச் சந்தோஷத்தில்
இறக்கத்து வளைவில் சட்டென்று காலை எடுத்தேன்.
பின்பக்கம் முன்னால் வந்தது.
வானம், வேலி, ஒரு ஆடு, மறுபடி வானம்.
புல்லில் நின்றபோது
என் வாயே சொன்னது: பெயில்."

அவள் சிரிக்கையில் நானும் சிரித்தேன்.
பதினெட்டு வயதில் என்னை
இரண்டு முறை தோற்கடித்தவள் இவள்.
ரவுண்டானாவில் தயங்கினேன் என்று ஒரு தடவை,
அதே ரவுண்டானாவில்
மறுபடி தயங்கினேன் என்று இன்னொரு தடவை.
என் சட்டையில் தைத்த டூகல் என்ற பெயரைப் படித்தாள்.
முகத்தில் எதுவும் வரவில்லை.
எத்தனை டூகல்களோ.

"இரண்டும் மாற்றணும்" என்றேன்.
"ஒரு காலில் புதுச் செருப்பு, ஒரு காலில் பழசு,
கார் நொண்டும்."
விலை கேட்டு உதட்டைக் கடித்தாள். சரியென்றாள்.

பழையதைப் பிரித்து எடுத்தபோது
தோளை விரலால் அழுத்தினேன்.
ஒட்டியது.
நேற்றைய சூடு முழுவதும்
இன்னும் ஆறவில்லையோ என்று தோன்றியது.
ஒரு பொய், மழையில் ஒரு ராத்திரி கிடந்தது,
சூடு எங்கே இருக்கும்.

"புது ரப்பர் வழுக்கும்.
நூறு மைல் மெதுவாகப் போங்க."
தலையாட்டிவிட்டு
பின்னோக்கு கண்ணாடியைச் சரிசெய்தாள்,
அவள் ஒருத்தியே ஓட்டும் கார்,
அது கோணியிருக்கவே இல்லை.

வாசலில் நின்றது கார்.
வலது விளக்கு மின்னியது.
வலம் பார்த்தாள், இடம் பார்த்தாள், மறுபடி வலம்.
சாலையில் யாருமில்லை.
ஒரு சைக்கிள்கூட இல்லை.
மின்னிக்கொண்டே இருந்தது.

என் கையில் சாக்பீஸ் இருந்தது.
ஈரத் தரையில் ஒரு கோடு போட்டேன்.